கிராணி வீட்டுப் பத்தியம்

குளுவாங்கில் மருந்து வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தங்கள் சங்க மலருக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். "எழுபது தாண்டியும் சைக்கிள் ஓட்டுறீங்க, பல்லு பூரா சொந்தப் பல்லு. அந்த ரகசியத்த எழுதுங்க சார்" என்றான் ஒருவன். இன்னொருவன் ஒரு மாத்திரைக் குப்பியைக் காட்டி, இப்போது எல்லாச் சத்தும் இதற்குள்ளேயே வந்துவிட்டது என்று எனக்கு விளக்கினான். நல்ல பிள்ளைகள்தான். காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

என்னிடம் ரகசியம் எதுவும் இல்லை. என் அப்பா ரயில்வே கேட் காத்தவர். கை கால் கழுவாமல் கஞ்சிக்கு உட்கார்ந்தால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார், பேசமாட்டார். அம்மா கொதிக்காத தண்ணீரை வீட்டில் வைத்ததில்லை. வாரத்தில் இரண்டு நாள் முருங்கைக்கீரை, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத வயதில் என் மேல் ஏற்றி வைத்ததை நான் இன்னும் இறக்கி வைக்கவில்லை, அவ்வளவுதான். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். ஐந்தில் கோணலாக வளைந்துவிட்டதை நிமிர்த்துவதும் லேசான வேலை இல்லை. என் உத்தியோகத்தில் பாதி அந்த வேலைதான். அதைப் பற்றி எழுதினால் மாத்திரைக் குப்பிக்காரப் பிள்ளைக்கும் உபயோகமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். நான் சொல்லப்போகும் குடும்பத்துப் பிள்ளைகள் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள்.

நான் படித்தது ஜொகூர் பாருவில். கட்டுப் போடுவது, மருந்து கலப்பது, காய்ச்சல்காரன் விரலைக் குத்திக் கண்ணாடிச் சில்லில் ரத்தம் எடுப்பது, திட்டு வாங்குவது, இவைதான் பாடம். அங்கே காடு வெட்டும் ஆட்கள் தங்கும் கொங்சிகளிலிருந்து சீனர்களைத் தூக்கி வருவார்கள். கால் வீங்கியிருக்கும், பாதம் தொங்கிப்போயிருக்கும், நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். பெரி-பெரி. தீட்டிய வெள்ளை அரிசியையே தின்பவர்களுக்கு வருவது அது. பச்சைப்பயறு வேகவைத்துக் கொடுப்போம். பல பேர் எழுந்து நடந்து போனார்கள். நம் ஆட்கள் தின்றது புழுங்கல் அரிசி. அதனால் தமிழர் வார்டில் அந்த நோய் இல்லை. 'சீனன் நோவு' என்றே நம் ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். வைத்தியம் படித்த நாங்களும் மனதுக்குள் அப்படியே வைத்துக்கொண்டோம்.

முதல் உலகச் சண்டை முடிந்த சமயத்தில் ரெங்கம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு, டாக்டர் இல்லாத நாளில் நோய் பார்க்கும் சின்ன டிரெசராகப் போனேன். பெரிய டிரெசர் தம்பையா, யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை டிரில் சட்டை, கழுத்துவரை பொத்தான், வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. கோபக்காரர், ஆனால் சத்தம் போடமாட்டார். கோபம் வந்தால் 'நீங்கள்' 'உங்கட' என்று மரியாதை ஏறிவிடும். அவர் அதிகம் மரியாதை கொடுக்கும் நாளில் நான் மருந்து அறையை விட்டு வெளியே வரமாட்டேன்.

விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வேலைக்குப் போகும் எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். கங்காணி பேர் கூப்பிட்டதும் காய்ச்சல் வராமலிருக்க ஒவ்வொருவர் வாயிலும் கொயினா மருந்தை ஊற்றுவோம். கசப்பு தாங்காமல் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு, நாலு மரம் தள்ளிப் போய்த் துப்பிவிடுவார்கள். தம்பையா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். மருந்தை ஊற்றியதும், "உம்மட பேர் என்ன?" என்பார். பேர் சொல்ல வேண்டுமானால் விழுங்கித்தான் ஆக வேண்டும். தினமும் பார்க்கிறவரே தினமும் பேர் கேட்கிறாரே என்று கிழவிகள் கேலி பண்ணுவார்கள். சில வீட்டுப் பிள்ளைகள் மட்டும் பேர் கேட்கும் முன்பே விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டும். வெள்ளிக்கிழமை தோறும் வேப்பங்கொழுந்து அரைத்து உருண்டை கொடுக்கும் தாய்மார்களின் பிள்ளைகள் அவை. காய்ச்சல் காலத்தில் அந்த வீடுகளில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் குறைவு.

அவருடைய இன்னொரு வழக்கம் ஜனங்களுக்குப் பிடிக்காது. நோயாளி வீட்டுக்குப் போனால் நாடி பார்க்கும் முன் நேரே அடுப்படிக்குப் போவார். சட்டி மூடியைத் தூக்கிப் பார்ப்பார், தண்ணீர்ப் பானைக்குள் எட்டிப் பார்ப்பார், "நேற்று என்ன சமைச்சனீங்கள்?" என்று கேட்பார். முன்பின் தெரியாத ஆண்பிள்ளை அடுப்படிக்குள் நுழைந்தால் எந்தப் பெண்ணுக்குப் பொறுக்கும்? 'சட்டி டிரெசர்' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. "சட்டியைப் பார்க்காமல் வயித்தைப் பார்த்து என்ன பிரயோசனம், தம்பி?" என்று என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகும் மூடியைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தார்.

நான் போன மறு வருஷம் பத்து பஹாட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுத ஒரு புதுக் கிராணி வந்தார். பெயர் சவரிமுத்து. கூலி லயத்தில் பிறந்து, ரப்பர்ப் பால் வெட்டிய தாய்க்குப் பிள்ளையாக வளர்ந்து, சாமியார் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்துக் கிராணி ஆனவர். அதில் அவருக்குப் பெருமை உண்டு, இருக்க வேண்டியதுதான். மேசை நாற்காலி வாங்கினார், காலுக்குச் சப்பாத்து வாங்கினார், வீட்டில் அரிசியை மாற்றினார். தோட்டத்துக் கடையில் கூலிகளுக்குப் போடும் புழுங்கல் அரிசி அவர் வீட்டுக்குள் நுழையக் கூடாது. ரெங்கம் சீனன் கடையிலிருந்து மல்லிகைப்பூப் போல சியாம் அரிசி மூட்டை வரும்.

அவர் மனைவி லூர்தம்மாளும் லயத்துப் பெண்தான். அதிகம் பேசாது. எங்கள் தோட்டத்துக்கு வரும்போது மாசமாக இருந்தது. பிரசவம் சுகமாக ஆனது, பெண் குழந்தை. தெரசா என்று பேர் வைத்தார்கள். கொழுகொழு என்று இருந்த குழந்தை. இரண்டு மாதம் கழிந்ததும் பால் கக்க ஆரம்பித்தது. தாய் உரைமருந்து கொடுத்தது, ஓமத்தண்ணீர் கொடுத்தது. பிறகு ஒரு நாள் காலையில் சவரிமுத்து ஆபீசிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார்.

"புள்ள அழுவுது, சத்தம் வரல டிரெசர்" என்றார்.

நாங்கள் போனபோது குழந்தை தாயின் மடியில் கிடந்தது. வாயைப் பிளந்து, முகம் சுருங்கி, முழு மூச்சாக அழுதது. காற்று மட்டும் வந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பார்த்துவிட்டேன்; அந்தச் சத்தமில்லாத அழுகையைப் போல என்னைப் பயமுறுத்தியது வேறு இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு நீலமானது, உடம்பு விறைத்தது, பிறகு மெதுவாகத் தளர்ந்தது.

"மாந்தம்" என்றது லூர்தம்மாள். "மொத ரெண்டுக்கும் இப்பிடித்தான் வந்துச்சு."

அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பழைய தோட்டத்தில் இரண்டு குழந்தைகள், இதே வயதில், இதே மாதிரி. இரண்டையும் அங்கேயே புதைத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

தம்பையா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்படச் சொன்னார். அவர் மட்டும் அடுப்படிக்குள் போய்விட்டு வந்தார். அன்றைக்கு நல்லவேளையாக வெள்ளைக்கார டாக்டர் துரை வரும் நாள். குளுவாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து சுற்றியுள்ள தோட்டங்களையெல்லாம் பார்ப்பவர். குழந்தையின் நெஞ்சில் குழல் வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, தாயைக் கட்டிலில் உட்காரவைத்துக் காலைத் தொங்கப்போடச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை ஓரத்தால் தட்டினார். யாருக்கும் கால் துள்ளும் இடம் அது. துள்ளவில்லை. மறுபடி தட்டினார். கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தி எடுத்தார், குழி அப்படியே நின்றது.

"என்ன அரிசி?" என்று தம்பையாவைக் கேட்டார்.

"வெள்ளை சியாம் அரிசி. தண்ணி தெளியும்வரை கழுவி, கஞ்சியையும் வடிச்சு ஊத்தியிருக்கு. அதோட மிளகு ரசம், சுட்ட வெள்ளுள்ளி, கருவாட்டுத் துண்டு. கீரை இல்லை, பயறு இல்லை, பழம் இல்லை. பிள்ளை பெத்த நாளிலயிருந்து வேற ஒண்டும் இல்லை" என்று தாம் அடுப்படியில் பார்த்ததையும் விசாரித்ததையும் இங்கிலீஷில் ஒப்பித்தார் தம்பையா.

பெரி-பெரிதான். தாய்க்கு லேசாக இருந்தது, பால் வழியாகக் குழந்தைக்கு இறங்கிவிட்டது. பிலிப்பைன்ஸ் பக்கத்தில் பச்சைக் குழந்தைகள் இப்படிச் சாவதாகத் தாம் படித்திருப்பதாக டாக்டர் சொன்னார். தாய்ப்பாலை இந்த நிமிஷமே நிறுத்த வேண்டும், பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுக்க வேண்டும், தவிட்டைக் காய்ச்சி வடித்துச் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும், தாய் பயறும் புழுங்கல் சோறும் தின்ன வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டார். அவர் வேலை முடிந்தது, எங்கள் வேலை அங்கேதான் தொடங்கியது.

தவிட்டுக்கு நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றோரத்து மலாய்க்காரர் கிராமமான கம்பத்துக்குப் போனேன். சொந்த நெல்லைக் குத்தித் தின்பவர்கள் அவர்கள்தான். 'டெடாக்' வேண்டும் என்றதும் அந்த வீட்டு அம்மாள், "உந்துக் ஆயாம்?" என்று கேட்டாள். கோழிக்கா என்று கேட்கிறாள். குழந்தைக்கு என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு முறத்தை எடுத்து மறுபடி புடைத்து, நல்லதாகப் பார்த்து ஒரு துணியில் கட்டிக் கொடுத்தாள்.

நான் திரும்பி வந்தபோது ஆஸ்பத்திரியில் சவரிமுத்து கொதித்துக்கொண்டிருந்தார். "நம்ம ஜனத்துக்கு எங்கங்க சீனன் நோவு வரும்? கூலிக்காரன் அரிசியத் திங்கச் சொல்றாரே, அதுக்கா நான் கிராணி ஆனேன்?" அவர் போட்ட சத்தத்தைப் பற்றித் தம்பையா கவலைப்படவில்லை. சத்தம் போடுகிறவன் மாலைக்குள் இறங்கி வந்துவிடுவான். லூர்தம்மாள்தான் எதிர்த்துப் பேசவில்லை, அழவில்லை, வேகவைத்த பயற்றுக் கிண்ணத்தைத் தொடவும் இல்லை.

"சாப்பிடும், பிள்ளை" என்றார் தம்பையா.

"வேணாங்கய்யா. பயறு வாயு. புள்ளைக்கு ஆவாது."

"பிள்ளை இப்ப உம்மட பால் குடிக்கேல்லை."

"நாளைக்குக் குடிக்குமில்ல." கிண்ணத்தைப் பார்க்காமலே பேசியது. "மொதப் புள்ளைக்கு வாய் கட்ட மாட்டாம ஒரு நா பூசணிக்காய் தின்னுட்டேன். போயிருச்சி. ரெண்டாவதுக்கு ரொம்ப கவனமாத்தான் இருந்தேன், ஆனா தாகம் தாங்காம பச்சத்தண்ணி குடிச்சேன். அதுவும் போயிருச்சி. இதுக்கு ஒண்ணுமே மாத்தலங்கய்யா. சோறும் ரசமும் தவிர நாக்குல ஒண்ணும் படல. நான் என்ன தப்புப் பண்ணேன்னு சொல்லுங்க, அத விட்டுடறேன்."

ஒவ்வொரு குழந்தை போகப் போக இந்தப் பெண் பத்தியத்தை இறுக்கியிருக்கிறது. இறுக்க இறுக்கப் பாலில் இருந்த கொஞ்சநஞ்சச் சத்தும் போயிருக்கிறது. இதை எப்படி அந்த முகத்தைப் பார்த்துச் சொல்வது? தம்பையாவும் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அபூர்வம்.

"உம்மட அம்மா எத்தினை பிள்ளை பெத்தவ?"

"என்னோட ஆறு."

"எத்தினை தப்பினது?"

"எல்லாந்தான் இருக்கோம்."

"அவவுக்குப் பத்தியம் ஆர் செய்து குடுத்தது?"

அந்தக் கேள்வியில் அதன் முகம் சிவந்துவிட்டது. ஏழை வீட்டுப் பெண்ணைக் கூட்டத்தில் நிறுத்தி விசாரித்த மாதிரி ஆகிவிட்டது. "எங்கம்மாவுக்குப் பத்தியம் வைக்க யாரு இருந்தாங்கய்யா? புள்ளயப் பெத்துட்டு அடுத்த மாசம் பால் வெட்டப் போவும். புள்ளய ஆயாக்கொட்டகையில போட்டுட்டுப் போவும். கடையில போடற அரிசி, காட்டுல பறிச்ச கீர, வட்டிக்காரச் செட்டி வீட்டுல மிஞ்சுன பயறு, கெடச்சத தின்னும். ஒரு வாய் நல்ல பத்தியச் சோறு திங்காமத்தான் போயி சேந்துச்சு. நமக்காவது அமைஞ்சிருக்கேன்னுதான் நான்..."

அங்கே நிறுத்திவிட்டது. வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு லூர்தம்மாள் கிண்ணத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு தின்ன ஆரம்பித்தது. நிறுத்தாமல், மென்றும் மெல்லாமலும், ஒரு தண்டனையை முடிக்கிற மாதிரி தின்றது. கண்ணீர் பயற்றில் விழுந்தது. அதையும் சேர்த்தே தின்றது.

குழந்தைக்குத் தவிட்டுச் சாற்றைச் சிறு கரண்டியால் ஊற்றினோம். முதல் நாள் பாதி வெளியே வந்தது. மறுநாள் மூத்திரம் தாராளமாகப் போனது. வீக்கம் வடிகிறது என்று அர்த்தம். நீலம் பாய்வது நின்றது. சத்தம் மட்டும் வரவில்லை. மார்பில் கட்டியிருந்த பாலைப் பீச்சி ஊற்றிவிட்டு, பசுவின் பாலைத் தன் குழந்தைக்குப் புகட்டிக்கொண்டு அந்தத் தாய் வார்டில் கிடந்தது. சவரிமுத்து மாலைக்குள் இல்லாவிட்டாலும் அந்த வாரத்துக்குள் இறங்கி வந்தார். கடையில் புழுங்கல் அரிசி கேட்க வெட்கப்பட்டு, "டாக்டர் மருந்தா எழுதிக் குடுத்திருக்காரு" என்று கடைக்காரரிடம் சொன்னாராம். தோட்டமே சிரித்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம், புண்ணுக்குக் கட்டுப் போட வந்தவர்கள் வரிசையில் நிற்கும்போது, உள்ளேயிருந்து வீறிட்டு ஓர் அழுகை வந்தது. கரகரப்புத்தான், ஆனால் அழுகை. நான் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். தம்பையா எனக்கு முன்பே அங்கே நின்றார். லூர்தம்மாள் குழந்தையைச் சமாதானம் செய்யவே இல்லை, அழ விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு நிமிர்ந்து அவரைக் கேட்டது.

"அப்போ மொத ரெண்டும்?"

"அந்த நேரம் நான் அங்க இருக்கேல்லை, பிள்ளை" என்றார் தம்பையா. "நான் பார்க்காத நோய் வருத்தத்துக்கு நான் பேர் சொல்றேல்லை."

அது உண்மையும்தான். அதற்குப் பிறகு லூர்தம்மாள் அந்தப் பேச்சை எடுத்ததாக எனக்குத் தெரியாது.

அதன் பிறகு அந்த வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்தார்கள், இருவரும் நன்றாக வளர்ந்தார்கள். புழுங்கல் சோறு, கீரை, வாரத்தில் மூன்று நாள் பச்சைப்பயறு என்று அந்த அடுப்பு மாறிவிட்டது. கிராணியே ஓய்வு பெறும் வயதிலும் டிவிஷன் முழுவதும் நடந்தே சுற்றி வந்தார். தம்பையா ஊருக்குப் போய்விட்டார், நான் பெரிய டிரெசர் ஆனேன். சட்டி மூடியைத் தூக்கும் தைரியம் எனக்கு வரவில்லை. என்ன சமையல் என்று வாசலில் நின்றே கேட்டுக்கொள்வேன்.

நான் அந்தத் தோட்டத்தை விடும் முன் கடைசியாகப் பார்த்த பிரசவங்களில் ஒன்று தெரசாவுடையது. சிம்பாங் ரெங்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தது. ஆண் குழந்தை. ஜொகூர் பாருவில் படித்துவிட்டு வந்த புது நர்ஸ் ஒருத்தி எங்களிடம் இருந்தாள், கெட்டிக்காரி. பத்தியத்தோடு சண்டை போடத் தயாராகவே வார்டுக்குள் வந்தாள். தெரசா கட்டிலில் சாய்ந்து பயற்றுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் லூர்தம்மாள், அடுக்குப் பாத்திரத்தோடு.

"பயறு சாப்பிடறீங்களே, யாரு சொன்னா?" என்றாள் நர்ஸ், ஏமாந்தவள் போல.

"இதான் மிஸ்ஸி எங்க வீட்டுப் பத்தியம். எங்கம்மா வழி. அவங்க அம்மாவும் இதத்தான் தின்னாங்களாம்" என்றது தெரசா.

"நல்ல வழக்கம்" என்று நர்ஸ் என் பக்கம் திரும்பித் தலையாட்டினாள். பிறகு வழக்கமான கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தாள். தாய்க்கு எத்தனை பிரசவம், குழந்தைகள் ஏதாவது தவறியது உண்டா.

"எங்கம்மாவுக்கு மூணு பேரு. நாந்தான் மூத்தவ" என்றது தெரசா சிரித்துக்கொண்டே. "எங்க வீட்டுல ஒண்ணும் தவறல, மிஸ்ஸி. அதெல்லாம் வளக்கற வெதத்துல இருக்குல்ல?"

நர்ஸ் சரிதானே என்பது போல என்னைப் பார்த்தாள். லூர்தம்மாளும் என்னைப் பார்த்தது.

"அப்படியே எழுதிக்கம்மா" என்றேன்.

லூர்தம்மாள் மகள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, அடுக்கைத் திறந்து இன்னும் இரண்டு கரண்டி ஊற்றியது. "பேசினது போதும். ஆறுறதுக்குள்ள குடி" என்றது.